இரண்டும் ஒரே கனம்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்கள். கை நன்றாகத்தான் இருக்கிறது. வீக்கம் இல்லை, காயம் இல்லை, விரல்கள் மடங்குகின்றன, நிமிர்கின்றன. மண்ணூரில் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அக்கா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடி சுமதி, ஒண்ணுமே இல்லியே, இதுக்கா கழுத்த அறுத்துகினு வந்த?" என்று கேட்டாள். பாவம், அவளுக்கு ஏமாற்றம். துப்பட்டாவை விலக்கிக் கழுத்தில் இருக்கிற தழும்பைக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் கையில் வைத்திருந்த பழத்தைக் கொடுத்தாள்.

ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேனாவைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். மெதுவாகத்தான் வரும். வேறு வேலையும் எனக்கு இப்போது இல்லை.

எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கார் கதவுகள் பெயின்ட்டுக்குப் போகும் முன் வெறும் தகடாக எங்கள் லைனுக்கு வரும். அவற்றைக் கையால் தடவி, மேடு பள்ளம் இருந்தால் சொல்ல வேண்டும். அந்த மேடு கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் அடித்துப் பளபளப்பு ஏறிய பிறகுதான் தெரியும், அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்? மெல்லிய நூல் கிளவுஸ் போட்டுக்கொண்டு தடவுவோம். கிளவுஸ் போட்டால் எப்படித் தெரியும் என்று கேட்காதவர்கள் கிடையாது. வெறுங்கை தகட்டில் ஒட்டி இழுக்கும், அந்த இழுவையில் மேடு தொலைந்துபோகும். கிளவுஸ் போட்ட கை வழுக்கிக்கொண்டு போகும். ஒரு இடம் பக்கத்து இடத்தைவிட மயிரிழை உயர்ந்திருந்தாலும் சொல்லிவிடும். மேடு என்று தனியாக ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருப்பதைவிட உயரம், அவ்வளவுதான். கனமும் அப்படித்தான், சொரசொரப்பும் அப்படித்தான், சூடும் அப்படித்தான். எதையும் இன்னொன்றோடு சேர்த்து வைத்துத்தான் கை பேசும். எட்டு வருஷமாக நான் அந்தப் பேச்சை வைத்துச் சம்பாதித்தவள்.

போன வருஷம் மழை முடிந்த சமயம், நான் சரி என்று அனுப்பிய கதவுகள் பெயின்ட்டிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன.

"இன்னாம்மா இது? நீ பாஸ் பண்ணதுதான் திரும்பித் திரும்பி வந்துகினு கீது" என்றார் சூப்பர்வைசர்.

"கிளவுஸ் சரியில்ல சார். துவைச்சுத் துவைச்சு கெட்டியாப் போச்சு" என்றேன்.

பொய் இல்லை, அப்படித்தான் நம்பினேன். என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பேச்சியம்மாள் உடனே, "ஆமா சார், எனக்கும் ஒரு எழவும் தெரிய மாட்டுக்கு" என்று சேர்ந்துகொண்டாள். அவள் திருநெல்வேலிக்காரி, சுங்குவார்சத்திரத்தில் நான்கு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவள் சொன்னதும் லைனில் இருந்த எல்லோருக்கும் கிளவுஸ் மேல் ஒரு குறை கிளம்பிவிட்டது. கடைசியில் கம்பெனி புது கிளவுஸ் வாங்கிக் கொடுத்தது. எல்லோருக்கும் சரியாகிவிட்டது, எனக்கு மட்டும் ஆகவில்லை.

கையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்கு வந்தால் கை பழைய கைதான். கண்ணை மூடிக்கொண்டு டப்பாவில் கை விட்டால் வறுத்த ரவையா வறுக்காத ரவையா என்று சொல்வேன். பையில் துழாவி நாணயத்தைத் தனியாக, சாவியைத் தனியாக எடுப்பேன். வீட்டில் வெறுங்கை, லைனில் கிளவுஸ். அப்படியானால் கோளாறு கிளவுஸில்தானே? என் கணவர் ஏழுமலைகூட அதையே சொன்னார். அவர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். லைனுக்கும் வீட்டுக்கும் இன்னொரு வித்தியாசம் இருந்தது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. லைனில் பிரஸ் மெஷின் சத்தத்துக்காகக் காதில் இயர் பிளக் வைத்திருப்போம்.

பிறகு ரவிக்கை ஊக்கு மாட்ட வராமல் போனது. நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்று பின்னால் தங்கிவிடும், நான் கொஞ்ச தூரம் போய்த்தான் பார்ப்பேன். எங்கள் பெண் யாழினிக்கு நான்கு வயது. அவளுக்குப் பின்னிவிட்ட ஜடை தெருமுனை போவதற்குள் அவிழ்ந்துவிடும். "அம்மா லூசா போட்டுக்குது" என்று அவள் அப்பாவிடம் புகார் சொன்னாள்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் கண்ணை மூடச் சொல்லி, கையில் சாவியை வைத்தார், சொன்னேன். நாணயம் வைத்தார், சொன்னேன். பேப்பரையும் துணியையும் தடவச் சொன்னார், அதையும் சொன்னேன். "கை நல்லா இருக்கும்மா. சத்துக் குறைவுதான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை. ஆடிட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பாஸ் ஆனது மாதிரி வெளியே வந்தேன். அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு சில வாரங்களை வீணாக்கினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு நாள் தோசைக்கல்லில் விரலை வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். வலிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

சென்னைப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நரம்புப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன். சுற்றி இருந்தவர்களுக்கு வியாதி வெளியே தெரிந்தது. ஒருவருக்கு வாய் கோணியிருந்தது, ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். நான் மட்டும் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "ஆருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். எனக்குத்தான் என்றதும் நம்பாமல், கூட வந்திருந்த என் கணவரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் ஒரு பெண், எங்கள் அம்மா வயதிருக்கும். சின்ன ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினார், கால் அளவுக்கு மீறி எகிறிக் குதித்தது. அவர் முகம் மாறியது. கண்ணை மூடச் சொல்லிப் பழைய பரீட்சையையே வைத்தார். சாவி, நாணயம், துணி, உப்புத்தாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். எது அதிகச் சொரசொரப்பு என்று இரண்டு உப்புத்தாள்களைக் கொடுத்தார், அதையும் சொன்னேன். அவருக்குக் குழப்பம். கால் ஒன்று சொல்கிறது, கை வேறு சொல்கிறது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் போட்டார்கள். அறை முழுக்கக் கடகடவென்று சத்தம். லைட் வந்ததும், "இன்னொரு தடவை பாத்துடலாம், கண்ணை மூடுங்க" என்று டாக்டர் சத்தமாகச் சொன்னார். மூடினேன். கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் வைக்கவில்லையே என்று நினைத்தேன். நேரம் போனது.

"வெச்சிட்டீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன். ஒரு கையில் சாவிக்கொத்து இருந்தது. இன்னொரு கையை அவர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவருகில் நின்றிருந்த என் கணவரின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்ற பிறகு என் காதில் பஞ்சு அடைத்துத் திரும்பவும் சோதித்தார். ஒன்றும் இல்லை. பஞ்சை எடுத்தால் எல்லாம் வந்துவிடும். அவர் பொறுமையாகச் சொன்னார்: "எல்லாருமே தொடும்போது கொஞ்சம் காதாலயும் கேக்குறோம்மா. சொரசொரப்பு, உலோகம், பேப்பர், எல்லாத்துக்கும் ஒரு சத்தம் இருக்கு. உங்க கை கொஞ்சம் கொஞ்சமா விட்டதை காது எடுத்துக்கிச்சு. உங்களுக்கே தெரியாம. அதான் இவ்ளோ நாள் யாருக்கும் புரியல."

ரவையை நான் விரலால் பார்க்கவில்லை, அது உதிர்கிற சத்தத்தால் பார்த்திருக்கிறேன். நாணயம், சாவி எல்லாம் அப்படியே. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து என் காதே என்னைக் கெடுத்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது? அன்றே படுக்கையில் சேர்த்தார்கள்.

ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் போனவர்களுக்குத் தெரியும், அது படுக்கவைத்து அடைத்துவிட்டு மண்டைக்கு மேல் சுத்தியலால் அடிப்பது போல இருக்கும். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறதாம். அது பிதுங்கி, மூளையிலிருந்து இறங்குகிற நரம்புத் தண்டை நசுக்கிக்கொண்டிருந்தது. வலியே இல்லாமல் நசுக்கியிருக்கிறது. அதுதான் அதன் சாமர்த்தியம். "முகத்துக்குப் போற நரம்பு மேலயே பிரிஞ்சிடும். அதனால முகம் பத்திரமா இருக்கு" என்று டாக்டர் ஒரு பஞ்சுத் துணுக்கால் என் கன்னத்தைத் தொட்டார். கூச்சத்தில் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒன்று என்னைத் தொட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் வார்டில் எனக்கு ஒரே வேலைதான். எது சத்தம் போடும், எது போடாது என்று பார்ப்பது. பிஸ்கட் பாக்கெட் சத்தம் போடும். தட்டு, டம்ளர், கஞ்சி போட்ட புடவை எல்லாம் சத்தம் போடும். தலையணை போடாது. சோறு போடாது. என் தொடை போடாது. சத்தம் போடாததெல்லாம் என்னைவிட்டு எப்போதோ போயிருக்கிறது. யாழினியின் கன்னம் நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

குன்றத்தூரிலிருந்து நாத்தனார் தனலட்சுமி தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவார். பிசைந்த சோறு என் விரலிடுக்கில் வழிவதைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் உருண்டையாகப் பிடித்துக் கொண்டுவந்தார். சாம்பார் சாதம் உருண்டை, ரசம் சாதம்கூட எப்படியோ உருண்டை. "ஊட்டிவுட்டா உனுக்கு ரோசமா இருக்கும். பாத்து எடுத்துத் துண்ணு" என்பார். எங்களுக்குள் எத்தனையோ மனத்தாங்கல் உண்டு. எல்லாம் அந்த உருண்டைகளோடு போனது. கம்பெனி இன்சூரன்ஸில் எது வரும், எது வராது என்று நான் பேச்செடுத்தால் என் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் பில்லைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பாதிதான் தெரியும்.

பேச்சியம்மாள் ஷிப்ட் முடித்து அப்படியே வந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே புது கிளவுஸ்.

"ஏட்டி, வேற கம்பெனி சரக்காம். இப்பத்தான் வந்திருக்கு. ரொம்ப மெலிசா இருக்கு. ஒனக்குன்னு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

"கிளவுஸ்ல ஒண்ணும் இல்ல பேச்சி. கழுத்துல இருக்கு."

"எனக்குத் தெரியாதா? அன்னைக்கே எனக்கு கிளவுஸ் நல்லாத்தான் இருந்துச்சு. நீ ஒத்தையா நிக்கியேன்னு சொன்னேன்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இருந்தாலும் வச்சுக்கோ."

ஆபரேஷன் நாளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. முன் கழுத்தில் கீறி, பிதுங்கியதை எடுத்துவிட்டு, எலும்புகளை ஒரு சின்னத் தகடு வைத்துப் பொருத்தினார்கள். கண் விழித்ததும் முதல் வேலையாகப் போர்வையைத் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. மயக்க மருந்து இன்னும் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் மழுப்பவில்லை. "அழுத்தத்தை எடுத்தாச்சு. இனிமே மோசமாகாது. போனது திரும்புமான்னு நரம்புதான் சொல்லணும், எனக்குத் தெரியல" என்றார். தெரியும் என்று அவர் பொய் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். அவளிடம் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. கண்ணைத் திறந்துகொண்டு தூக்கிப் பார்க்கச் சொன்னாள். "சின்னதுதான் கனம்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டையும் தராசில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே எடை. "எல்லாரும் இப்படித்தான் ஏமாறுவாங்க அக்கா. பெருசுன்னா கனமா இருக்கும்னு மனசு தயாரா இருக்கும், அதனால லேசாத் தெரியும். சின்னது ஏமாத்திடும்" என்றாள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, இரண்டு உள்ளங்கைகளிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். தோளிலும் முழங்கையிலும் லேசாக ஒரு பாரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

"ரெண்டும் ஒரே கனம்" என்றேன். இந்தத் தடவை ஏமாறவில்லை என்று எனக்குச் சந்தோஷம்.

அவள் பெட்டிகளை எடுத்து வைக்கப் போனாள். நான் விடாமல் கேட்டதும் சொன்னாள். கண்ணை மூடினாலும் நல்ல கை ஏமாறுமாம். எது பெரிசு, எது சின்னது என்று விரல் சொல்லிவிடும், அதைக் கேட்டு மனசு ஏமாறும். என் விரல் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நான் ஏமாறவில்லை. சரியான பதில் சொன்னதே கெட்ட செய்தி. வாழ்நாள் முழுக்கச் சரியாகச் சொல்லிச் சம்பளம் வாங்கியவளுக்கு இதைவிட ஒரு தண்டனை உண்டா? தப்பாகச் சொல்கிற நாள் வர வேண்டும் என்று நான் மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு பெரிய பிஸ்கட் டின், ஒரு சின்ன டப்பா. இரண்டிலும் மணலும் கல்லும் போட்டு, மளிகைக்கடைத் தராசில் வைத்து எடையைச் சமன் செய்து கொண்டுவந்தார். சத்தம் வரக்கூடாதென்று மேலே துணியைத் திணித்திருந்தார். முதலில் தெருவில் இருந்த அத்தனை பேரின் கண்ணையும் கட்டிப் பார்த்தார். எல்லோரும் சின்னதுதான் கனம் என்றார்கள். பழம் கொண்டுவந்த அக்கா சண்டையே போட்டாள். "ஏழுமல, ஆருகிட்ட கத வுடுற? சின்னதுல ஈயம் வெச்சிகீற நீ" என்றாள். இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இனி நான் மட்டும்தான் பாக்கி என்பது போல.

தினமும் வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, எனக்குக் காதில் பஞ்சு வைத்து, கையில் டப்பாக்களை வைப்பார்.

"ஒரே கனந்தான்" என்பேன்.

"சரி, நாளிக்குப் பாப்போம்" என்பார். குரலில் ஒன்றும் காட்ட மாட்டார். டப்பாக்களை அலமாரியில் வைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த முதுகை எத்தனை நாள் பார்ப்பது? சென்ற வாரம் ஒரு நாள் ஓவர்டைம் முடிந்து களைத்து வந்தார். உட்காரக்கூட இல்லை, நேரே டப்பாக்களை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். தோளில் அதே பாரம். எப்போதும் சின்ன டப்பாவை வலக்கையில்தான் வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இது கனமா இருக்கற மாதிரி கீது" என்று வலக்கையை ஆட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் என் முன்னால் மண்டியிட்டிருந்தார். "நெசமாவா? இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். உடனே குன்றத்தூருக்குப் போன் போட்டு, "தனம், அண்ணிக்குக் கை வந்துடுச்சு! சின்னதுதான் கனம்னு சொல்லிச்சு!" என்று கத்தினார். அந்தப் பக்கம் நாத்தனார் அழுவது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. பிறகு இவரே டீ போட அடுப்படிக்குப் போனார், ஏதோ பாட்டை முனகிக்கொண்டு. நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

யாழினி படுத்திருந்தவள் எழுந்து வந்தாள். "அம்மா, தல வலிக்குது" என்று என் மடியில் ஏறினாள். பழக்கதோஷம், கையை அவள் நெற்றியில் வைத்தேன். வைத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் வைத்தது போல இருந்தது. பிறகு கழுத்தில் வைத்தேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எக்கி, தன் நெற்றியை என் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

கொதித்தது.

"ஏங்க, இங்க வாங்க! புள்ளைக்கு நெருப்பாக் காயுது!" என்று கத்தினேன்.

டீ கிளாஸோடு ஓடி வந்தார். வந்தவர் முகத்தில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் முதலில் தெரிந்தது. "கையில தெரிஞ்சுதா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை இன்னும் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கன்னத்துல" என்றேன்.

அவர் அலமாரியைப் பார்த்தார். டப்பாக்களை அன்றைக்கு மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் யாழினியின் நெற்றியைத் தொட்டார்.

"ஆமா, நல்லாவே காயுது. சட்ட மாத்தி வுடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்துத் தற்செயலாகக் கீழே குனிந்தேன். அவருடைய இன்னொரு கை என் கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியாது.